பெயர் எழுதாத உறையில் வந்த 14 குளிசைகள்

சலக்கடுப்புக்கு மருந்து எடுக்கப் போய், கடைசியில் காலை அசையாமல் பிடித்து வைக்கும் பூட்ஸ் போட்டு ஆறு கிழமை கட்டிலில் கிடந்தேன் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் நம்புவதில்லை. எனக்கே யாராவது முன்பு இப்படிச் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் ஒரே ஒருவராவது எனக்கு இதை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் என் கால் தப்பியிருக்கும். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்கு 46 வயது. திருகோணமலை டவுனிலேயே வீடு, வீட்டு விறாந்தையில் தையல் மெசின். பள்ளிக்கூட யூனிபோம், சட்டை, பிளவுஸ் என்று வருடம் முழுக்க வேலை இருக்கும். அப்போது அது மோட்டர் இல்லாத, காலால் மிதிக்கிற பழைய மெசின்தான். சின்ன வயதிலிருந்து தொய்வு, அதாவது ஆஸ்துமா இருக்கிறது. கார்த்திகை, மார்கழி மழை தொடங்கினால் நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிடும். போன வருடம் தைப்பொங்கல் முடிந்த பிறகும் மழை விட்டபாடில்லை, எனக்கும் இழுப்பு விடவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டியபோது ஐந்து நாளைக்கு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையும், இரவில் போடும்படி மூச்சுக்குழாயை விரிக்கிற தியோபிலினும் தந்தார்கள். பிரெட்னிசலோன் முடிகிற தறுவாயில்தான் சலம் போகும்போது எரிவு தொடங்கியது. ஒரு நாள் இளநீரும் வெந்தயத் தண்ணீரும் குடித்துப் பார்த்தேன். அடுத்த நாள் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் ஓடவேண்டியிருந்தது. கையில் பதினெட்டு யூனிபோம் ஓடர் கிடக்கிறது, ஆஸ்பத்திரி வரிசையில் அரை நாள் இருக்க மனம் வரவில்லை. பின்னேரம் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன்.

உள்ளே மூன்று நிமிடம்தான் இருந்திருப்பேன். எரிவு இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, குளிர் நடுக்கம் இருக்கிறதா என்று கேட்டார். எரிவு மட்டும்தான் என்றேன். வேறு வருத்தம் ஏதும் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை, தொய்வுக்கு மருந்து எடுக்கிறேன் என்று நானும் சொல்லவில்லை. சலத்துக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் என் மனம் நினைத்தது. இதில் என் பிழையும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். வெளியே இருந்த பெடியன் சின்ன வெள்ளைக் கடதாசி உறையில் 14 குளிசையைப் போட்டு, மேலே 'காலை 1, இரவு 1' என்று எழுதித் தந்தான். 1,800 ரூபாய். மருந்தின் பெயர் உறையில் இல்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் எத்தனை வருடமாக இப்படித்தானே மருந்து வாங்குகிறோம், வெள்ளைக் குளிசை, மஞ்சள் குளிசை, 'அந்தப் பெரிய நீட்டுக் குளிசை' என்று நிறத்தையும் அளவையும் வைத்துத்தானே மருந்தைப் பற்றிக் கதைக்கிறோம்.

இந்த இடத்திலேயே முதல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உறையில் பெயர் இல்லாவிட்டால் அங்கேயே நின்று எழுதி வாங்குங்கள். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள். சண்டை பிடிக்கத் தேவையில்லை, 'தம்பி, எனக்கு வேறு மருந்தும் இருக்கு, பெயரை ஒருக்கா எழுதித் தாங்கோ' என்றால் போதும். எனக்குப் பிறகு நடந்த எல்லாவற்றிலும் நாட்கள் வீணாகப் போனது இந்த ஒரு பெயர் கையில் இல்லாததால்தான். நான் போட்டது சிப்ரோபுளொக்சசின் 500 மில்லிகிராம் என்று எனக்குத் தெரியவந்தபோது கடைசிக் குளிசை போட்டுப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

மருந்து வேலை செய்தது. இரண்டாம் நாள் மாலையே எரிவு பாதியாகக் குறைந்தது. மூன்றாம் நாள் சலக்கடுப்பு இருந்த இடமே தெரியவில்லை. ஆனால் அன்றிரவு படுத்தால் நித்திரை வரவில்லை. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கை மெல்லியதாக நடுங்குகிறது, ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. வயிற்றைப் பிரட்டிக்கொண்டே இருந்தது. விடியப்புறம் கண்ணயர்ந்தால் கெட்ட கனவு. காரணமே இல்லாமல் அழுகை வந்தது, மகள் பள்ளிக்கூடம் போய்த் திரும்பி வருமட்டும் அவளுக்கு ஏதோ நடக்கப்போகிறது என்று பயந்து வாசலிலேயே நின்றேன். மாமி கண்ணூறு என்று சொல்லி மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். நான் பிரஷர் என்று நினைத்தேன், பிறகு தைரொயிட் என்று நினைத்தேன். ஒரு லாபில் போய் ஈசிஜியும் இரத்தப் பரிசோதனைகளும் செய்வித்தேன், 5,900 ரூபாய். எல்லாம் நோமல். நாடித்துடிப்பு மட்டும் கூட.

பிறகு பெரியாஸ்பத்திரி டொக்டர் இதை விளங்கப்படுத்தினார். நாங்கள் போடுகிற தியோபிலினை ஈரலில் உள்ள ஒரு நொதி உடைத்து வெளியேற்றுகிறது. சிப்ரோபுளொக்சசின் அந்த நொதியின் வேலையைத் தடுக்கிறது. அப்போது நான் தினமும் போடுகிற அதே ஒரு தியோபிலின் உடம்பில் தேங்கி, கூடப் போட்டதுபோல ஆகிவிடும். படபடப்பு, குமட்டல், நடுக்கம், நித்திரையின்மை எல்லாம் தியோபிலின் கூடினால் வருபவை, இன்னும் கூடினால் வலிப்பு வரைக்கும் போகலாம். தேத்தண்ணீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனும் இதே வழியால்தான் வெளியேறுகிறது. அந்த நாட்களில் நித்திரை இல்லாத களைப்புக்கு நான் நாளுக்கு ஆறு ஏழு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அதோடு இந்த வகை மருந்துகளே தனியாகவும் நித்திரையைக் குழப்பும், மனப் பதற்றத்தையும் குழப்பத்தையும் கொண்டுவரும் என்று சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு ஒரு பக்கம் கோபம், மறு பக்கம் பெரிய ஆறுதல். எனக்குப் புத்தி பேதலிக்கிறது என்று நான் உள்ளுக்குள் பயந்திருந்தேன், அதை இவரிடம், என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

இனிக் கால். ஐந்தாம் நாள் காலை கட்டிலால் இறங்கிக் காலை ஊன்றும்போது வலது குதிக்காலுக்கு மேலே, பின்பக்கம், கயிறு மாதிரி இருக்கிற இடத்தில் ஒரு இறுக்கம். நாலு எட்டு நடக்க விட்டுப்போனது. மெசின் மிதிக்கும்போது திரும்ப வந்தது. இரவாகும்போது இடது காலிலும் அதே இடத்தில் மெல்லிய நோ. எங்களுக்கு உடம்பில் கயிறு மாதிரி எது இருந்தாலும் அது 'நரம்பு'தான். நரம்பு பிடித்துவிட்டது என்றார்கள், நானும் அதையே சொன்னேன். மாமி நோ எண்ணெய் பூசி நன்றாக அழுத்தி உருவிவிட்டார். அடுத்த நாள் இன்னும் வீங்கி, தொட்டால் சுட்டது. புக்கை கட்டினோம். அது நரம்பே இல்லை, தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கிற தசைநாண். குதிக்கால் தசைநாண்தான் உடம்பிலேயே பெரியது, இந்த மருந்துகள் முதலில் பிடிக்கிற இடமும் பெரும்பாலும் அதுதான். தோள்மூட்டு, கை, பெருவிரல் போன்ற இடங்களிலும் வரலாம். இரண்டு காலிலும் ஒரே நேரம் நோ வந்தது ஒரு பெரிய அறிகுறி என்று பிறகுதான் தெரிந்தது. மெசின் மிதித்து வந்த நோ என்றால் நான் மிதிக்கிற வலது காலில் மட்டுமல்லவா வந்திருக்கவேண்டும்.

நோ வந்த பிறகும் மிச்சம் இருந்த ஐந்து குளிசையையும் போட்டு முடித்தேன். ஏனென்றால் அன்டிபயோட்டிக் தொடங்கினால் முடிக்கவேண்டும், பாதியில் விட்டால் கிருமி பழகிவிடும் என்று எல்லாரும் சொல்லித் தந்திருக்கிறார்கள். வருத்தம் சுகம் என்று நினைத்து இரண்டு நாளில் குளிசையை அலுமாரியில் வைப்பவர்களுக்கு அந்தப் பேச்சு நல்லதுதான். ஆனால் இந்த மருந்து போடும்போது தசைநாணில் நோவோ வீக்கமோ வந்தால் கதை வேறு. அடுத்த குளிசையைப் போடாமல், அன்றே மருந்து தந்தவரிடமோ ஆஸ்பத்திரிக்கோ போய்ச் சொல்லவேண்டும், அந்தக் காலுக்கு ஓய்வு கொடுக்கவேண்டும். நிறுத்திவிட்டுச் சும்மா வீட்டில் இருப்பதும் சரியில்லை, தொற்று அரைகுறையாகக் கிடக்கும். வேறு வகை அன்டிபயோட்டிக் மாற்றி எழுதுவார்கள். உருவுவதும் புக்கை கட்டுவதும் வேண்டவே வேண்டாம். நான் அன்று நிறுத்தி, மெசினை விட்டு எழும்பியிருந்தால், வெறும் அழற்சியோடு போயிருக்கக்கூடும் என்று டொக்டர் சொன்னார். அந்த வார்த்தை இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

குளிசை முடிந்து மூன்று நாளாகியும் நோ விடாததால் இன்னொரு இடத்துக்குப் போனேன். 2,400 ரூபாய். அங்கும் மூன்று வகைக் குளிசை, அங்கும் பெயர் இல்லாத உறைகள். 'அண்மையில் அன்டிபயோட்டிக் போட்டீர்களா' என்று அங்கே யாரும் கேட்கவில்லை, கால் நோவுக்கு வந்த இடத்தில் சலக்கடுப்பு மருந்தைப் பற்றிச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. வீக்கம் வற்றத் தந்த குளிசைகளில் ஒன்று பிரெட்னிசலோன். அதாவது, ஏற்கெனவே ஒரு கோர்ஸ் போட்டு, அதோடு சிப்ரோபுளொக்சசினும் போட்டு, நொந்துபோய்க் கிடந்த தசைநாணுக்கு மேலே இன்னொரு கோர்ஸ். ஸ்டீரொயிட் மருந்தும் இந்த வகை அன்டிபயோட்டிக்கும் சேரும்போது தசைநாண் அறுகிற ஆபத்து கூடுகிறது. தொய்வுக்காரர்கள் எல்லாரும் இதைக் கவனிக்கவேண்டும், எங்களுக்கு வருடத்தில் ஒரு தடவையாவது பிரெட்னிசலோன் தருவார்கள். இரண்டு நாளில் நோ மரத்துப்போனது மாதிரிக் குறைந்தது, சுகம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மகா சிவராத்திரி வந்தது. கோணேசர் கோயிலுக்கு நான் சிவராத்திரிக்குப் போகாத வருடம் இல்லை. இவர் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், கோட்டை வாசலால் உள்ளே போய், மேலே எவ்வளவு தூரம் விட முடியுமோ அவ்வளவு தூரம் விட்டார். மிச்சம் ஏற்றம் நடைதான். சனம் நெருக்கம், மெல்ல மெல்ல ஏறிவிட்டேன். மூன்றாம் சாமப் பூசை முடிந்து படியால் இறங்கும்போது, ஒரு சின்னப் பிள்ளை குறுக்கே ஓட, அதில் மோதாமல் இருக்க வலது காலைச் சட்டென்று ஊன்றினேன். பின்னாலிருந்து யாரோ குதிக்காலில் கல்லால் எறிந்ததுபோல ஒரு அடி. 'டக்' என்று சத்தமும் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன், உண்மையாகவே யாரோ அடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பின்னால் ஒருவரும் இல்லை. தசைநாண் அறுந்தவர்கள் பலரும் இதே மாதிரித்தான், பின்னால் இருந்து உதைத்ததுபோல என்றுதான் சொல்வார்களாம். இரண்டு பெடியன்கள் தூக்கிக்கொண்டு வந்து கீழே விட்டார்கள். அந்த நேரத்தில் சுவாமி மலைக்குக் கீழே கடல் இரைகிற சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டது, நான் அழுதது எனக்குத் தெரியவில்லை.

பெரியாஸ்பத்திரியில் அந்த இரவு இருந்தது ஒரு இளம் பெண் டொக்டர். என்னைக் குப்புறப் படுக்கவைத்து, கெண்டைக்காலைக் கையால் பிதுக்கிப் பாதம் அசைகிறதா என்று பார்த்தார். முழுதாக அறுந்திருந்தால் அசையாதாம். எனக்குக் கொஞ்சம் அசைந்தது. பிறகு அவர் கேட்ட முதல் கேள்வியே, 'அம்மா, இந்த ஒரு மாதத்துக்குள்ள ஏதாவது அன்டிபயோட்டிக் போட்டீங்களா?' ஓம் என்றேன். பெயர் என்ன என்றார். தெரியாது. வெள்ளை நீட்டுக் குளிசை என்றேன். அவர் கோபப்படவில்லை, ஆனால் பேனாவை மேசையில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருந்தார். மகள் அடுத்த நாள் அந்தக் கிளினிக்குக்குப் போனாள், பூட்டியிருந்தது. அதற்கு அடுத்த நாள் போனாள், 'அது சாதாரண அன்டிபயோட்டிக்தான், அதுக்கும் காலுக்கும் ஒண்டும் இல்லை' என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் இவர் போய், பெயரை எழுதித் தராமல் போகமாட்டேன் என்று நின்றுதான் ஒரு துண்டு வாங்கிவந்தார்.

சிப்ரோபுளொக்சசின் தனி ஒரு மருந்தில்லை, ஒரு குடும்பம். லெவோபுளொக்சசின், ஒபுளொக்சசின், நோர்புளொக்சசின், மொக்சிபுளொக்சசின் எல்லாம் அதே குடும்பம், பெயரின் வால் ஒன்றுதான். 'புளொக்சசின்' என்று முடிந்தால் இதுதான் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். கிருமி தன் மரபணுவைப் பிரதி எடுக்கத் தேவையான நொதிகளை இவை முடக்குகின்றன, அதனால் கிருமி பெருக முடியாமல் சாகிறது. சிப்ரோபுளொக்சசின் அமெரிக்காவில் 1987ல் அனுமதி பெற்ற மருந்து, உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பேர் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் நடப்பதில்லை, இதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் 2008லேயே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, தசைநாண் அழற்சியும் அறுதலும் வரலாம் என்று கறுப்புப் பெட்டி போட்ட, ஆகக் கடுமையான எச்சரிக்கையை இந்த மருந்துகளின் தாளில் அச்சிடவைத்தது. 2016ல் இன்னொரு படி மேலே போய், சிக்கலில்லாத சலத்தொற்று, சைனஸ், சளிபிடித்த இருமல் போன்றவற்றுக்கு வேறு மருந்து இருக்கும்போது இதைக் கொடுக்கவேண்டாம் என்றது. 2019ல் ஐரோப்பாவும், 2024 தை மாதம் பிரித்தானியாவும் இதை இன்னும் இறுக்கின. டொக்டர் இதைச் சொல்லும்போது நான் விரலை மடித்து எண்ணினேன். எனக்கு வந்தது காய்ச்சலோ முதுகு நோவோ இல்லாத வெறும் சலக்கடுப்பு. முதலில் சலத்தைப் பரிசோதித்து, நைட்ரோபியூரன்டொயின் போல வேறு ஏதாவது தந்திருக்கலாம். நான் கிளினிக்குக்குப் போன அன்று, அந்த முதல் எச்சரிக்கை வந்து 16 வருடத்துக்கு மேல்.

யாருக்கு ஆபத்துக் கூட என்றால், 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், ஸ்டீரொயிட் எடுப்பவர்கள், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்தவர்கள். நோ முதல் இரண்டு நாளிலேயே தொடங்கலாம், மருந்தை நிறுத்திச் சில மாதம் கழித்தும் வரலாம். அதனால்தான் 'இந்தக் கிழமை என்ன மருந்து' என்று யோசித்தால் போதாது, போன மாதங்களையும் யோசிக்கவேண்டும்.

காசுக் கதையையும் சொல்லவேண்டும். ஸ்கேன் ஒன்றை வெளியில் எடுத்தோம், 6,000. அதில் பாதி கிழிந்திருக்கிறது என்று வந்தது. ஒப்பரேஷன் தேவையில்லை, பூட்ஸ் போட்டு ஆறு கிழமை, பிறகு பிசியோதெரபி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஊரில் ஆளுக்கு ஆள் ஒவ்வொன்று சொல்ல, வான் பிடித்துக் கொழும்புக்குப் போய் எம்ஆர்ஐ எடுத்தோம். எம்ஆர்ஐ 36,000, வானும் சாப்பாடும் 32,000. அங்கேயும் அதே பதில்தான், பாதிக் கிழிசல், பூட்ஸ், பிசியோதெரபி. பயத்தில் எடுத்த முடிவுக்கு 68,000 ரூபாய் போனது. முதலில் பார்த்த டொக்டரிடமே 'எம்ஆர்ஐ எடுத்தால் நீங்கள் செய்யப்போவது ஏதாவது மாறுமா' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும். பூட்ஸ் 13,500, ஓட்டோச் செலவு எல்லாமாக 9,000. கிளினிக்குகள், லாப் எல்லாம் சேர்த்து மருத்துவச் செலவு மட்டும் 1,06,600. பத்துக் கிழமை மெசின் ஓடவில்லை, கிழமைக்கு 11,000 என்று வைத்தால் அது ஒரு இலட்சத்துப் பத்தாயிரம். மொத்தம் 2,16,600 ரூபாய், 1,800 ரூபாயில் தொடங்கியது. யூனிபோம் ஓடர்களை இன்னொரு பிள்ளையிடம் கொடுத்தேன், அதில் பாதிப்பேர் திரும்பி வரவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிக்கு ஒரு சதமும் இல்லை, எனக்கு அதிகம் உதவியதும் அதுதான்.

இதை வாசித்துவிட்டு யாராவது, டொக்டர் தேவை என்று எழுதித் தந்த சிப்ரோபுளொக்சசினைக் குப்பையில் போட்டால் அது நான் செய்த பிழையைவிடப் பெரிய பிழை. சாம்பல்தீவில் இருக்கும் என் பெரியப்பாவை எடுங்கள். 71 வயது, புரோஸ்டேட் வீக்கத்தால் குழாய் போட்டிருந்தவர். நான் பூட்ஸோடு கிடந்த அதே காலத்தில் அவருக்குக் குளிர் காய்ச்சல், சிறுநீரகம் வரை தொற்று. வாட்டில் வைத்து, சலத்தில் உள்ள கிருமியை வளர்த்து எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்க்கிற கல்ச்சர் பண்ணிப் பார்த்தார்கள். மற்ற மருந்துகள் பலவற்றுக்கு அந்தக் கிருமி அசையவில்லை, சிப்ரோபுளொக்சசினுக்கு மட்டும் மசியும் என்று வந்தது. கொடுத்தார்கள், மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, அவர் பிழைத்தார். பெரியம்மா என் கதையைக் கேட்டிருந்ததால் பயந்து எனக்குப் போன் எடுத்தார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, 'அவருக்கு அது தேவை பெரியம்மா, ஆனால் அவர் போடுகிற எல்லா மருந்தையும் டொக்டருக்குக் காட்டுங்கோ' என்றேன். காட்டியபோது அவருடைய சீனி வருத்தத்துக்கான கிளிக்லசைட்டைப் பார்த்துவிட்டு, இரண்டும் சேர்ந்தால் சீனி சடாரென்று இறங்கலாம் என்று சொல்லி, நாளுக்கு நாலு தரம் குத்திப் பார்த்தார்கள். ஒரு நாள் விடிய உண்மையாகவே இறங்கியது, உடனே பிடித்துவிட்டார்கள். அதே மருந்துதான், ஆனால் தேவைப்பட்ட ஆளுக்கு, பரிசோதித்துப் பார்த்து, கண்காணித்துக் கொடுத்தார்கள்.

பெரியப்பாவின் வாட்டில்தான் இன்னொன்றும் தெரிந்தது. கல்சியம், இரும்புச்சத்து, சிங்க் குளிசைகளும் வயிற்றெரிவுக்குக் குடிக்கிற அன்டாசிட்டும் இந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாது. அவற்றைப் போடுவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்போ, போட்டு ஆறு மணித்தியாலம் கழித்தோ சிப்ரோபுளொக்சசினைப் போடவேண்டும். வெறும் பாலோடும் தயிரோடும் விழுங்கக்கூடாது, தண்ணீர்தான். முதுகுப் பிடிப்புக்குத் தருகிற டிசானிடின் என்ற குளிசையோடு சிப்ரோபுளொக்சசினைச் சேர்க்கவே கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் எடுப்பவர்கள், வலிப்பு உள்ளவர்கள், இதயத் துடிப்பில் பிரச்சினை உள்ளவர்கள் கட்டாயம் முன்பே சொல்லவேண்டும். எங்கள் ஊர் வெயிலையும் யோசியுங்கள், இந்தக் குளிசை போடும் நாட்களில் தோல் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கருகும், உப்புவெளிக் கடற்கரையில் பகல் முழுக்க நிற்கிற தொழில் என்றால் உடம்பை மூடிக்கொண்டு போகவேண்டும். கை கால் விரல்களில் ஊசி குத்துவது போல, எரிவது போல, மரத்துப்போவது போல வந்தால் அது உண்மையிலேயே நரம்பு, அதையும் அன்றே போய்ச் சொல்லவேண்டும், விட்டால் நிரந்தரமாகத் தங்கிவிடலாம். நெஞ்சிலோ முதுகிலோ வயிற்றிலோ திடீரென்று தாங்கமுடியாத நோ வந்தால் இதயத்திலிருந்து வருகிற பெரிய இரத்தக்குழாயான பெருநாடி கிழிந்திருக்கவும் கூடும், அரிதுதான், ஆனால் அதற்கு யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடவேண்டும்.

நான் இப்போது ஒரு சின்னக் கொப்பி வைத்திருக்கிறேன். போடுகிற ஒவ்வொரு மருந்தும், தொடங்கிய நாள், முடித்த நாள், எதற்காக என்று நாலு வரி. எந்தக் கதவைத் திறந்து உள்ளே போனாலும், பல் டொக்டராக இருந்தாலும், முதலில் கொப்பியைத்தான் மேசையில் வைக்கிறேன். அன்டிபயோட்டிக் என்றால் மூன்று கேள்வி கேட்கிறேன்: இதன் பெயர் என்ன, என் தொய்வு மருந்துகளோடு ஒத்துவருமா, என்ன வந்தால் உடனே நிறுத்தவேண்டும். சிலர் முகம் சுளிக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் கொப்பியை வாங்கி வாசிக்கிறார்கள். முதல் கிளினிக் டொக்டரிடமும் போனேன், சண்டைக்கு இல்லை. ஸ்கேன் தாளையும் பிரெட்னிசலோன் போட்ட திகதியையும் காட்டினேன். அவர் நீண்ட நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'நான் கேட்டிருக்கவேண்டும்' என்றார். அதைக் கேட்கத்தான் போனேன் என்பது அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இடது கால் மூன்று மாதத்தில் முழுச் சுகம். மெசினுக்கு மோட்டர் பூட்டி, இடது காலால் ஓட்டப் பழகிவிட்டேன். வலது காலில் மட்டும் நின்று குதிக்காலை உயர்த்தச் சொல்லி பிசியோதெரபி மிஸ் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் எண்ணுகிறார். தொடக்கத்தில் ஒன்றுகூட முடியவில்லை. போன செவ்வாய் ஒன்பது. இருபத்தைந்து வந்தால்தான் கோணேசர் கோயில் படிக்கு விடுவேன் என்று சொல்லியிருக்கிறார்.